ஸ்லோ குக்கரில் மாட்டுக்கறி: கல்பி ஜிம்முக்கு முழு மதிப்பெண், ரெண்டாங்குக்குப் பாதி

ஆறு குவார்ட், அதாவது ஏறக்குறைய 5.7 லிட்டர் கொள்ளளவு. முட்டை வடிவம். முன்பக்கம் ஒரே ஒரு குமிழ்: ஆஃப், லோ, ஹை, வார்ம். உள்ளே கனத்த பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி. மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கும் மின் பாத்திரமான ஸ்லோ குக்கர்களிலேயே மிக எளிய வகை இதுதான். இந்த மதிப்புரை அந்த வகையைப் பற்றியது, அதுவும் ஒரே ஒரு வேலையை வைத்து: ஆசிய முறையில் மாட்டுக்கறி சமைக்க இது உதவுமா, உதவாதா. உரைகல்லாக எடுத்துக்கொண்டவை மூன்று. கொரியாவின் கல்பி ஜிம், ஹாங்காங்கிலும் குவாங்டாங்கிலும் சமைக்கிற கான்டனீஸ் நெஞ்சுக்கறி முள்ளங்கி, மேற்கு சுமத்ராவின் ரெண்டாங். முதலாவதற்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடைப்பது அரிது. இரண்டாவது, மசாலாவிலும் காயிலும் கொஞ்சம் கவனம் வைத்தால் நன்றாகவே வரும். மூன்றாவதில் இது பாதி வேலைதான் செய்யும். மீதியை அடுப்பின் முன் நின்றுதான் முடிக்க வேண்டும்.

காரணம் ஒன்றுதான். இந்தச் சட்டியில் எதுவும் சுண்டாது. சூடேற்றும் கம்பி பெரும்பாலும் பக்கச் சுவரைச் சுற்றித்தான் ஓடுகிறது, அடியில் தீ என்று ஒன்று இல்லை. எழும்பும் ஆவி மூடியில் பட்டு நீராகி, விளிம்பில் வளையம் போலத் தேங்கி, மூடியையே அடைத்துக்கொள்கிறது. எட்டு மணி நேரம் கழித்துத் திறந்தாலும் ஊற்றிய தண்ணீர் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். கறியும் வெங்காயமும் விட்ட நீர் அதோடு சேர்ந்திருக்கும். உள்ளே வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது என்பதால் எதுவும் வறுபடாது, சிவக்காது. லோ ஒரு வெப்பநிலை, ஹை இன்னொரு வெப்பநிலை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டுமே கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேர்கின்றன. ஹையில் சீக்கிரம் போகும், லோவில் மெதுவாகப் போகும். ஹையில் மூன்று நான்கு மணி நேரத்தில் முடிகிற கறி லோவில் ஏழெட்டு மணி நேரம் எடுக்கும்.

இந்தப் பாத்திரம் எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் இது குறையாகவே தெரியாது. அமெரிக்கரான இர்விங் நாக்சன் 1940இல் காப்புரிமை பெற்ற கருவி இது. லிதுவேனியாவின் வில்னாவில் யூதக் குடும்பங்கள் ஓய்வுநாளுக்கு முந்தைய மாலையில், பீன்ஸும் கறியும் போட்ட சட்டியை அணையப்போகும் ரொட்டி அடுப்பில் இரவு முழுக்க வைத்துவிடுவார்கள். சோலண்ட் என்ற அந்தப் பதார்த்தத்தைப் பற்றித் தாய் சொல்லக் கேட்டுத்தான் அவருக்கு இந்த எண்ணம் வந்தது. 1970இல் ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கியது. 1971இல் அதே கருவி க்ராக்-பாட் என்ற பெயரில் வெளிவந்தது. ஆள் பார்க்காமலே வேக வேண்டும், நீர் வற்றி அடிப்பிடிக்கக் கூடாது: சோலண்ட்டுக்குத் தேவை இவை இரண்டுதான். நாம் அதில் என்ன சமைத்தாலும் இந்த இரண்டு குணங்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

முதலில் கறி. கொழுப்பில்லாத சுத்தமான தொடைக்கறிதான் உசத்தி என்று வாங்கி வந்தால் காசும் போய், கறியும் நார் நாராகக் காய்ந்துவிடும். இதற்கு வேண்டியது உழைத்த தசை, அதாவது ஜவ்வு ஓடிய கறி: நெஞ்சுக்கறி, தோள்பட்டை, காலின் கீழ்த்தசை, எலும்போடு கூடிய விலா. 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் இருந்தால்தான் ஜவ்வு கரைந்து பசையாகும். குழம்புக்கு உதட்டில் ஒட்டுகிற அந்தக் கனம் அதிலிருந்துதான் வருகிறது. ஜவ்வு இல்லாத துண்டில் கரைய ஒன்றும் இல்லை. தசைநார் சுருங்கித் தன் நீரைப் பிழிந்துவிட, சாற்றுக்குள்ளேயே கிடந்தாலும் வாயில் சக்கையாகத்தான் இருக்கும். இந்தியக் கடைகளில் மாட்டுக்கறி என்று கிடைப்பது பல இடங்களில் எருமைக்கறி. அதில் கொழுப்பு குறைவு, நார் தடிமன். எனவே கீழே சொல்லும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். எலும்போடு வெட்டித் தரச் சொல்லுங்கள்.

ஸ்லோ குக்கர் குறிப்புகள் பெரும்பாலும் கறியை முதலில் வாணலியில் சிவக்க வறுக்கச் சொல்கின்றன. ஐரோப்பிய ஸ்டூவுக்கு அது சரி, அதன் நிறமும் மணமும் அந்த வறுவலில்தான் இருக்கின்றன. கல்பி ஜிம்முக்கும் கான்டனீஸ் நெஞ்சுக்கறிக்கும் அப்படி இல்லை. அங்கே கறியை வறுப்பதற்குப் பதிலாகக் கொதிநீரில் போட்டு, நுரை தள்ளவிட்டு, கழுவிவிடுகிறார்கள். நிறத்தைச் சோயா தருகிறது. ஆகவே இந்தச் சட்டியால் சிவக்க வைக்க முடியாது என்ற குறை இங்கே எடுபடாது. கிழக்காசியச் சமையலும் ஸ்லோ குக்கரும் இவ்வளவு ஒத்துப்போக இதுவே முதல் காரணம்.

அந்தக் கொதிநீர்க் கட்டத்தை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அடுப்பில் சமைக்கும்போது கரண்டியால் நுரையை வழித்துப் போட்டுக்கொண்டே இருக்கலாம். இங்கே மூடியைத் திறக்க முடியாது. ஒருமுறை திறந்தால் விட்ட சூட்டைப் பிடிக்க 20 முதல் 30 நிமிடம் ஆகும். வழிக்காத நுரை சாற்றிலேயே கட்டிக் கட்டியாகக் கலங்கி, கறியின் மேல் சாம்பல் படலமாக ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு என்ன செய்தாலும் அந்தக் குழம்புக்குத் தெளிவு வராது.

இனி கல்பி ஜிம். கொரியாவில் சூசோக் அறுவடைத் திருநாளுக்கும் ‘சொல்லால்’ எனப்படும் புத்தாண்டுக்கும் செய்கிற விலா எலும்புக் கறி இது. இந்தச் சட்டிக்கு அளவு: எலும்போடு 5 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிய விலா 1.5 கிலோ. குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். இடையில் ஒருமுறை நீரை மாற்றுங்கள், இரத்தம் இறங்கிவிடும். பிறகு கொதிக்கிற தண்ணீரில் போட்டு 8 முதல் 10 நிமிடம். வடித்து, ஒவ்வொரு துண்டையும் குழாயடியில் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். வெட்டுவாயில் ஒட்டியிருக்கும் எலும்புத் தூளும் அப்போதுதான் போகும். அந்தத் தூள் போகாவிட்டால் சாப்பிடும்போது பல்லில் நறநறவென்று அரைபடும்.

மிக்ஸியில் அரைக்க வேண்டியவை: கொரியப் பேரிக்காய் ஒன்று (200 கிராம் சதை போதும்), பாதிப் பெரிய வெங்காயம், பூண்டு 8 பல், இஞ்சி 15 கிராம். அரைத்ததோடு சோயா சாஸ் 100 மில்லி, பழுப்புச் சர்க்கரை 3 டேபிள் ஸ்பூன், நல்லெண்ணெய் போலன்றி வறுத்த எள்ளிலிருந்து எடுக்கிற ஆசிய எள்ளெண்ணெய் 2 டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன். தண்ணீர் 120 மில்லி மட்டும். அடுப்பில் செய்யும் குறிப்புகளில் இரண்டு மூன்று கப் தண்ணீர் கேட்பார்கள். அதைப் பார்த்து இங்கே ஊற்றினால் கிடைப்பது ரசம். ஊற்றி முடித்ததும் கறியின் பாதி உயரத்துக்குக்கூடச் சாறு வராது. பயப்பட வேண்டாம். திறக்கும்போது கறி முக்கால்வாசி மூழ்கியிருக்கும்.

பேரிக்காய் கிடைக்காவிட்டால் ஆப்பிள் போடுங்கள். கிவி, அன்னாசி, பப்பாளிக்காய் வேண்டவே வேண்டாம். ஆட்டுக்கறிக்குப் பப்பாளிக்காய் தடவி மென்மையாக்குவது நமக்குப் பழக்கம்தான், ஆனால் அது சீக்கிரம் சூடேறும் அடுப்புக்கு. அந்தக் காய்களில் கறியைக் கரைக்கிற நொதி இளஞ்சூட்டில்தான் மும்முரமாக வேலை செய்யும். ஸ்லோ குக்கர் லோவில் அந்த இளஞ்சூட்டைக் கடந்துபோகவே மணிக்கணக்காகும். அதற்குள் கறியின் மேல்புறம் மாவாகிவிடும். நடுவில் நார், வெளியே களி. எட்டு மணி நேரம் காத்திருந்ததற்குக் கிடைக்கும் பலன் அது.

அடுக்குகிற முறையும் முக்கியம். இந்தச் சட்டியில் கறியைவிடக் கிழங்கு வகை மெதுவாக வேகும் என்பது முதல்முறை சமைப்பவர்களை ஏமாற்றும். அதனால் 4 சென்டிமீட்டர் தடிமனில் வெட்டிய வெள்ளை முள்ளங்கி 400 கிராமும் காரட் இரண்டும் அடியிலும் சுவரை ஒட்டியும் போக வேண்டும், கறி மேலே. முள்ளங்கித் துண்டின் ஓரங்களைக் கத்தியால் லேசாகச் சீவி மழுக்கிவிடுவது கொரியர்களின் வழக்கம். கூர்மையான ஓரம்தான் முதலில் உதிர்ந்து சாற்றைக் கலக்கும் என்பதால் இது வெறும் அழகுக்காகச் செய்வதல்ல. உலர்ந்த சீன இலந்தைப்பழம் 6, தோலுரித்த செஸ்ட்நட் 10 கடைசி ஒன்றரை மணி நேரத்தில் சேருங்கள். அதற்காக மூடியைத் திறக்கலாம், அந்த ஒரே ஒரு முறை. லோவில் மொத்தம் ஏழு மணி நேரம். கொதிநீரிலிருந்து எடுத்த கறியை ஆறவிடாமல் சூடாகவே போட்டால் இது போதும்.

வெந்ததா என்று பார்க்க ஒரு துண்டைச் சாப்ஸ்டிக்கால் எலும்பின் பக்கம் மெல்ல அழுத்திப் பாருங்கள். கறி எலும்பிலிருந்து வழுக்கி நகர வேண்டும், ஆனால் துண்டு உடையாமல் முழுதாகவே நிற்க வேண்டும். எடுக்கும்போதே இழை இழையாகப் பிரிந்தால் ஒரு மணி நேரம் அதிகமாகிவிட்டது என்று பொருள். எலும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தால் இன்னும் 45 நிமிடம். சரியான கட்டத்தில் எலும்பை ஒட்டியிருக்கும் சவ்வு கண்ணாடிபோலத் தெளிந்து, தொட்டால் ஜெல்லிபோல ஆடும். அதுவரை வெண்மையாகவும் ரப்பராகவும் இருந்தது அது.

இங்கே நிறுத்திவிட்டால் நல்ல கறியும் நீர்த்த சாறும்தான் மிஞ்சும். ஸ்லோ குக்கர் சமையலில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாந்து, சுவை இல்லை என்று கருவியை அலமாரியில் ஏற்றிவிடுகிறார்கள். கறியையும் காயையும் ஒரு தட்டில் எடுத்து மூடி வையுங்கள். சாற்றை அகன்ற வாணலியில் வடிகட்டி, ஐந்து நிமிடம் அசையாமல் விடுங்கள். விலாக் கொழுப்பு மேலே விரல்கடை அளவுக்குக்கூட மிதக்கும். கரண்டியால் அதை எடுத்துவிட்டு, பெரிய தீயில் 10 முதல் 12 நிமிடம் சுண்டவிடுங்கள். குமிழிகள் முதலில் சின்னதாகவும் வேகமாகவும் வரும். போகப் போகப் பெரிதாகி, பளபளத்து, மெதுவாக உடையும். கரண்டியின் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். கறியைப் போட்டுப் புரட்டி, ஒரு நிமிடத்தில் இறக்குங்கள். எள்ளெண்ணெய் இன்னொரு டீஸ்பூன், வெங்காயத்தாள், வறுத்த எள் எல்லாம் இப்போதுதான். சோயாவை முதலிலேயே 100 மில்லியோடு நிறுத்தச் சொன்னதற்குக் காரணமும் இப்படிச் சுண்டவைப்பதுதான். சாறு பாதியாகும்போது உப்பு இரட்டிப்பாகும். சோயாவுக்குச் சோயா உப்பும் வேறுபடும். குறை இருந்தால் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம், கூடிவிட்டால் வழியில்லை.

கான்டனீஸ் நெஞ்சுக்கறிக்கு வருவோம். அடிச்சுவை ஃபோஷான் நகரத்து சூ ஹௌ சாஸ், அதாவது சோயாப் பயறு, பூண்டு, இஞ்சி, எள் சேர்ந்த கெட்டி விழுது. 1.2 கிலோ நெஞ்சுக்கறியைப் பெரிய துண்டாகவே 15 நிமிடம் கொதிநீரில் வேகவைத்து, பிறகு 4 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். பச்சையாகச் சின்னதாக வெட்டினால் சுருங்கி உருக்குலைந்துவிடும். சூ ஹௌ சாஸ் 3 டேபிள் ஸ்பூனை, தட்டிய இஞ்சி 30 கிராம், பூண்டு 5 பல்லோடு எண்ணெயில் இரண்டு நிமிடம் வதக்குங்கள். பச்சை விழுதை நேராகச் சட்டியில் போட்டால் 100 டிகிரிக்குள் அதன் பச்சை வாடை எட்டு மணி நேரமானாலும் போகாது. பிறகு கற்கண்டு 20 கிராம், லைட் சோயா 2 டேபிள் ஸ்பூன், டார்க் சோயா 1 டேபிள் ஸ்பூன், தண்ணீர் 300 மில்லி.

முழு மசாலாவில் கை அடக்கம் வேண்டும். அடுப்புக் குறிப்பு அன்னாசிப்பூ நான்கு என்றால் இங்கே இரண்டு, பட்டை பாதித் துண்டு. மூடிய சட்டியில் எட்டு மணி நேரம் ஊறும் அன்னாசிப்பூ மற்ற எல்லாவற்றையும் அமுக்கி, இருமல் மருந்து வாடையைக் கொண்டுவந்துவிடும். உலர்ந்த மாண்டரின் ஆரஞ்சுத் தோலை 20 நிமிடம் ஊறவைத்து, உள்பக்க வெள்ளையைச் சுரண்டிவிட்டு ஒரு துண்டு போடுங்கள். சுரண்டாவிட்டால் கசக்கும். முள்ளங்கி 700 கிராம் இதில் முதலிலேயே போகக் கூடாது. அது விடுகிற நீர் சாஸை வெளுக்கச் செய்யும், அவ்வளவு நேரத்தில் தானும் குழைந்துவிடும். தனியாகப் பத்து நிமிடம் வேகவைத்து வடித்து, கடைசி இரண்டு மணி நேரம் சட்டியில் சேர்த்து ஹையில் வையுங்கள். மொத்த நேரம் லோவில் ஆறு, ஹையில் இரண்டு. தசைநாணும் சேர்ப்பதானால் அதை மட்டும் முன்கூட்டியே பிரஷர் குக்கரில் 30 நிமிடம் வேகவைத்துக்கொள்வது நல்லது, நெஞ்சுக்கறி வேகிற நேரத்தில் அது வேகாது. கெட்டிப்பு வேண்டுமானால் சோள மாவு 1 டேபிள் ஸ்பூனை 2 டேபிள் ஸ்பூன் குளிர்ந்த நீரில் கரைத்து, கடைசி 20 நிமிடத்தில் ஹையில் விட்டுக் கலக்குங்கள். ஆரம்பத்திலேயே போட்டால் நீண்ட சூட்டில் மாவின் பிடிப்பு உடைந்து சாறு மறுபடி நீர்க்கும்.

ரெண்டாங் விஷயத்தில் நேர்மையாகவே சொல்லிவிட வேண்டும். ஸ்லோ குக்கர் ரெண்டாங் என்ற பெயரில் புழங்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை ரெண்டாங் அல்ல. மேற்கு சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் தேங்காய்ப்பாலில் வேகும் இந்தக் கறியை மூன்று கட்டமாகப் பார்க்கிறார்கள். சாறு நிறைய இருந்தால் குலாய். சுண்டிக் கெட்டியாகி எண்ணெய் தலைகாட்டினால் கலியோ. நீர் முழுக்கப் போய், தேங்காய்ப்பாலிலிருந்து பிரிந்த எண்ணெயிலேயே கறி வறுபட்டு, கறுத்து, மசாலா மேலே படிந்து நின்றால்தான் ரெண்டாங். கடைசிக் கட்டம் முழுக்க முழுக்க நீரை விரட்டுவதும் வறுப்பதும்தான். இந்தச் சட்டியால் முடியாத இரண்டும் அவைதான். எட்டு மணி நேரமல்ல, பதினாறு மணி நேரம் வைத்தாலும் குலாயில்தான் நிற்கும். மூடியைச் சாய்த்து வைத்து ஆவியை வெளியேற்றலாம் என்ற யோசனையும் பலிக்காது. ஆவியோடு சூடும் போய்விடும், 240 வாட் கம்பியால் அதை ஈடுகட்ட முடியாது.

ஆனால் கறி வேகிற முதல் மூன்று மணி நேரக் கிளறலை இதனிடம் ஒப்படைக்கலாம், அந்த அளவில் இது பேருதவி. தோள்பட்டைக் கறி 1 கிலோவுக்குச் சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 6 பல், இஞ்சி 20 கிராம், பேரரத்தை 30 கிராம், ஊறவைத்த காய்ந்த மிளகாய் 15 என்று அரைத்து, வாணலியில் எண்ணெய் பிரிந்து வரும்வரை 12 நிமிடமாவது வதக்குங்கள். மலேசியத் தமிழர் செராய் என்கிற லெமன் கிராஸ் இரண்டு தண்டு தட்டி, காஃபிர் எலுமிச்சை இலை 4, மஞ்சள் இலை ஒன்று, குடம்புளி இனத்து ஆசாம் கண்டிஸ் இரண்டு துண்டு. கெட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லி மட்டும், தண்ணீர் சொட்டுக்கூட வேண்டாம். அடுப்பில் 800 மில்லிக்கு மேல் ஊற்றுவார்கள், இங்கே அதை ஊற்றினால் பிற்பாடு விரட்டத்தான் வேண்டியிருக்கும். லோவில் ஐந்தரை மணி நேரம். கறி முக்கால் பதம் வெந்தால் போதும், முழுக்க வெந்துவிட்டால் பிறகு கிளறும்போது பொடிந்துவிடும். பால் திரிந்ததுபோலத் தெரியும். மற்றக் குழம்புகளில் அது கெட்ட சகுனம், இங்கே அதுதான் வேண்டும், ஏனென்றால் பிரியும் எண்ணெயில்தான் வறுவல்.

பிறகு எல்லாவற்றையும் அகன்ற இருப்புச்சட்டிக்கு மாற்றி, நடுத்தரத் தீயில் 40 முதல் 50 நிமிடம். முதல் அரை மணி நேரம் அவ்வப்போது கிளறினால் போதும். எண்ணெய் தெளிந்ததும் தீயைக் குறைத்து, கரண்டியைக் கீழே வைக்காமல் அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். மலேசிய முறை என்றால் பொன்னிறத்துக்கு வறுத்து இடித்த தேங்காய், அங்கே கெரிசிக் என்பார்கள், 50 கிராம் இந்தக் கட்டத்தில் சேரும். அடுப்பிலேயே முழுக்கச் செய்கிற ரெண்டாங்கின் கறுப்பும் ஆழமும் இதில் முழுதாக வராது. தினசரிச் சமையலுக்குப் போதும், விருந்துக்கு அடுப்பே நல்லது.

கருவியைப் பற்றி இன்னும் கொஞ்சம். வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்துவிடுங்கள். பாதிக்குமேல் குளிர்ந்த நீர் ஊற்றி, மூடி, லோவில் எட்டு மணி நேரம் வைத்து, திறந்த உடனே வெப்பமானியை நடுவில் விட்டுப் பாருங்கள். 85 முதல் 93 டிகிரிவரை இருந்தால் சரி. அதற்குக் குறைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கறி பாதுகாப்பாகச் சூடேறாது. அதைவிடக் கூடினால் உங்கள் சட்டி வேகமானது, மேலே சொன்ன நேரங்களில் ஒரு மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். முட்டை வடிவச் சட்டிகள் பலவற்றில் ஒரு பக்கச் சுவர் மட்டும் கூடுதலாகச் சுடும். சாஸ் எந்தப் பக்கம் கருகி ஒட்டுகிறது என்று பார்த்துவிட்டால், அடுத்தமுறை அந்தச் சுவரில் அலுமினியத் தாளை ஆறேழு மடிப்பாக மடித்துச் சாய்த்து வைக்கலாம்.

குமிழ் வகையின் பெரிய குறை நேரக்கட்டுப்பாடு இல்லாதது. காலையில் போட்டுவிட்டுப் பத்து மணி நேரம் கழித்து வீடு திரும்புகிறவருக்கு இது ஒத்துவராது, வருவதற்குள் கல்பி ஜிம் இழையாகிவிடும். நேரம் முடிந்ததும் தானாக வார்முக்கு மாறும் டிஜிட்டல் வகை அவர்களுக்கு அவசியம், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கலாம். பிளக்கில் டைமர் மாட்டித் தாமதமாக ஆரம்பிக்க வைப்பது ஆபத்து. பச்சைக்கறி அறைச்சூட்டில் மணிக்கணக்கில் கிடக்கும், 5 முதல் 60 டிகிரிவரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். உறைந்த கறியை அப்படியே போடக் கூடாது என்பதும் அதனால்தான். முந்தின நாளே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து முழுக்க இளகவிடுங்கள். சமைக்கும் நடுவில் மின்சாரம் போனால், நீங்கள் வீட்டில் இருந்தால் உடனே அடுப்புக்கு மாற்றிவிடுங்கள். வெளியே இருந்து, எவ்வளவு நேரம் போயிருந்தது என்றே தெரியாவிட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுவதே சரி.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் ஸ்லோ குக்கர் 120 வோல்ட்டுக்கானது. பிளக் முனையை மட்டும் மாற்றி இந்தியாவிலோ இலங்கையிலோ மலேசியாவிலோ 230, 240 வோல்ட்டில் செருகினால் மின்னழுத்தம் இரட்டிப்பாகி, சூடு நான்கு மடங்காகும். கம்பி எரியும் அல்லது பீங்கான் வெடிக்கும். வாட் அளவுக்குத் தகுந்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடக் கூடாது. மின்செலவு பயப்படும்படி இல்லை. 240 வாட் கருவி எட்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினாலும் இரண்டு யூனிட்டைத் தொடாது, லோவில் அதைவிடக் குறைவு.

பிரஷர் குக்கர் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரிவரை போகும், நெஞ்சுக்கறி 40 நிமிடத்தில் மெத்தென்று வெந்துவிடும். சால்னாவுக்கும் மசாலாக் குழம்புக்கும் அதுவே போதும், இன்னொரு கருவி வாங்கத் தேவையில்லை. ஆனால் அந்தச் சூட்டில் தசை சட்டென்று சுருங்கும், எலும்பை விட்டுக் கழன்ற துண்டுகள் கொதியில் மோதி உடையும், காய் கரையும். முள்ளங்கி முழுதாக நிற்க, கறி எலும்போடு தட்டுக்கு வர வேண்டிய கல்பி ஜிம்முக்கு ஸ்லோ குக்கரே மேல். பிரஷர் மல்டி குக்கர்களில் இருக்கும் ஸ்லோ குக் பொத்தானை நம்பி வாங்காதீர்கள். அவற்றில் சூடு அடியிலிருந்து மட்டுமே வரும், லோவுக்குச் சமம் என்று நினைத்து அழுத்தும் அளவு சில கருவிகளில் வெறும் சூடு காப்பதோடு நின்றுவிடும். தண்ணீர்ச் சோதனையில் தேறினால் மட்டுமே பயன்படுத்துங்கள்.

மீந்ததை அந்தப் பீங்கான் சட்டியோடு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். கனமான பீங்கான் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நடுவில் கறி ஆறவே பல மணி நேரமாகும். மறுநாள் குளிர்ந்த சட்டியைக் கருவியின் சூடான வெளிக்கூட்டுக்குள் இறக்கினால் விரிசல் விடும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாக்களுக்கு மாற்றிவிடுங்கள். காலையில் கல்பி ஜிம்மின் மேல் கொழுப்பு வெள்ளைத் தகடாக உறைந்திருக்கும், கத்தி முனையால் நெம்பினால் முழுசாகக் கழன்று வரும். கீழே சாறு ஜெல்லியாக நிற்கும். அதை வாணலியில் இரண்டு டேபிள் ஸ்பூன் தண்ணீர் விட்டு, மூடி, சின்னத் தீயில் இளக்குங்கள். ஸ்லோ குக்கரில் மறுபடி சூடாக்கக் கூடாது, அது சூடேற எடுத்துக்கொள்ளும் நேரத்தில் கறி கெட்டுப்போகலாம்.